அழகுமீனா எடுத்துக்கொண்ட சைட்

மத்தாப்புக் கம்பியைச் சட்டத்தில் செருகும் முன், அழகுமீனா இடது கண்ணை மூடிக்கொண்டு அதை நீளவாக்கில் ஒரு பார்வை பார்ப்பாள். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடமாக அவளோடு உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வளைந்த கம்பி மருந்தில் முக்கும்போது பக்கத்துக் கம்பியோடு ஒட்டி இரண்டும் வீணாகும். அதனால் எல்லோரும்தான் பார்ப்பார்கள். ஆயிரம் கம்பிக்கு ஆயிரம் தடவை கண்ணை மூடுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சூலக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ரைஃபிள் கிளப்பில் குறி அட்டை மாற்றும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். செயலாளர் முத்துக்கிருஷ்ணன் சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர். ஒரு நாள் ஆள் குறைவாக இருந்தபோது, சும்மா நீயும் ஒரு கை பாரேன் என்று துப்பாக்கியை நீட்டினார். தடவைக்கு ஒரே குண்டு போடும் பழைய ரைஃபிள். தூரம் ஐம்பது மீட்டர். படுத்துக்கொண்டு பத்துக் குண்டு சுட்டாள். பிறகு அவளே போய் அட்டையைக் கழற்றி வந்தாள். ஏழு குண்டு கறுப்பு வட்டத்துக்குள் இருந்தது. முத்துக்கிருஷ்ணன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த வாரம் அட்டை மாற்ற வேறு ஆள் தேடினார்.

ஒன்றரை வருடம் கழித்து, மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நேரம் வந்தது. குறி பார்க்க எந்த சைட் வைத்துச் சுடப்போகிறோம் என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. அழகுமீனா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். டெலஸ்கோப்பில் அட்டை முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஆனால் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதில் ஆட்டமாகத் தெரிந்தது. அந்தப் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதியும் இல்லை. பீப் சைட்டில் ஒரு சின்னத் துளை வழியாகப் பார்த்து, முன்னால் இருக்கும் வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை நிறுத்த வேண்டும். அது அவளுக்குச் சுலபமாகவே வந்தது. ஆனால் அந்தப் பிரிவில் பெண்களுக்கு இருந்த ஒரே இடம் யோகேஸ்வரிக்குத்தான் என்பது முடிவான விஷயம். சாத்தூர்ப் பட்டாசு முதலாளி வீட்டு மருமகளான அவளை முந்த அப்போது ஆள் இல்லை. மிச்சம் இருந்தது ஓப்பன் சைட். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு, குழல் முனையில் ஒரு சின்னத் தகடு; வெட்டுக்கு நடுவில் தகட்டை நிறுத்திச் சுட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிரிவில் இடம் காலியாக இருந்தது.

போட்டிக்குப் போக ஆசை என்று அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனியில் போட்டி நடக்கும் ஐந்து நாளுக்கு முன்கூட்டியே லீவு கேட்டு வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் குண்டுகள் ஒதுங்க ஆரம்பித்தன. காலையில் சுட்டால் எல்லாம் இடப்பக்கம் போயின. முத்துக்கிருஷ்ணன் பின்னால் இருக்கும் வெட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திக் கொடுத்தார். அன்று சாயங்காலம் சுட்டபோது குண்டுகள் வலப்பக்கமாகப் போய் வட்டத்தையே தாண்டின. வாரக்கணக்கில் இதே கதை. காலையில் ஒரு கண்ணு, சாயங்காலம் ஒரு கண்ணா என்று யோகேஸ்வரி கேலி செய்தாள்.

"பழைய சைட்டு தாயி. இத நம்பிப் பேரு குடுத்தா அங்கன போயி அசிங்கப்படணும்," என்றார் முத்துக்கிருஷ்ணன். "இந்த வருசம் விட்ருவோம்."

"பேரு குடுக்க ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம் இருக்குல்ல அண்ணாச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கம்பெனியில் அரை நாள் வேலை. மருந்தில் முக்கிய மத்தாப்புச் சட்டங்களை வெயிலில் வரிசையாக வைத்திருந்தார்கள். காலையில் வேலைக்கு வரும்போது கிழக்குப் பக்கம் மின்னிக்கொண்டிருந்த கம்பிகள், மதியம் சாய்ந்து அவள் கிளம்பும்போது மேற்குப் பக்கம் மின்னின. அலுமினியப் பவுடர் எப்போதும் அப்படித்தான், வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மின்னும். நாலு எட்டு நடந்தவள் நின்று திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஏறிக் கிளப்புக்குப் போனாள்.

ரைஃபிளை வெளியே எடுத்து வந்து முனைத் தகட்டை வெயிலில் திருப்பினாள். கறுப்பாக இருக்க வேண்டிய தகடு சாம்பல் பூத்து மினுங்கியது. வேலை செய்யும் இடத்தில் எந்தச் சாமானைத் தொடும் முன்பும் துடைத்துவிட வேண்டும், ஒரு மணல் பொடி உரசினாலும் ஆபத்து என்பது சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு பத்துக் குண்டுக்கு முன்பும் கம்பெனியில் தலையில் கட்டும் துண்டால் முனைத் தகட்டையும் துடைத்து வந்திருக்கிறாள். எத்தனை துவைப்புத் துவைத்தாலும் பவுடர் போகாத துண்டு; அந்தப் பவுடர் வாரா வாரம் தகட்டில் ஏறியிருந்தது. வெயில் பட்டு மினுங்கும் ஓரத்தையே முழுத் தகடு என்று கண் எடுத்துக்கொண்டது. குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போனது.

பயிற்சிக்கு வந்திருந்த யோகேஸ்வரியும் முத்துக்கிருஷ்ணனும் அவள் சொன்னதைக் கேட்டுத் தகட்டைக் குனிந்து பார்த்தார்கள். முத்துக்கிருஷ்ணன் அதை நன்றாகக் கழுவித் துடைத்தார். குண்டுப் பெட்டிகளுக்கு எட்டத்தில் ஒரு கல்லின் மேல் சூடம் கொளுத்தி, இனி மினுங்காமல் இருக்க அந்தக் கரியைத் தகட்டில் ஏற்றப் போனார். அழகுமீனா பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்ன, துப்பாக்கிக்குப் பயப்படாதவ சூடத்துக்குப் பயப்படுத?"

"கம்பெனிச் சேலை அண்ணாச்சி. இதோட நெருப்புக்கிட்ட வர மாட்டேன்."

வெட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்கள். படுக்கும்போது அவள் கை தானாகத் துண்டைத் தேடியது. யோகேஸ்வரி அதை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். "சுடுங்க மீனாக்கா. இத நான் வச்சிருக்கேன்."

பத்தில் ஒன்பது கறுப்புக்குள் விழுந்தது. இரண்டு பக்கமும் சமமாகப் பரவி இருந்தது. மறுநாள் காலை வெயிலில் இன்னொரு பத்து சுட்டுப் பார்த்து, அதுவும் நடுவில் நின்ற பிறகுதான் படிவத்தில் ஓப்பன் சைட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாநிலப் போட்டியில் அவளுக்குப் பதினேழாவது இடம் கிடைத்தது. இப்போது மாவட்ட அணியில் ஓப்பன் சைட் பிரிவில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை கிளப். அடுத்த வருடம் பீப் சைட்டுக்கு மாறச் சொல்லி முத்துக்கிருஷ்ணன் கேட்டிருக்கிறார். படிவம் வர இன்னும் நாள் இருக்கிறது என்று அவள் ஓப்பன் சைட்டிலேயே சுட்டுக்கொண்டிருக்கிறாள்.