அப்பாதுரையின் துணிப்பெட்டி

கத்தரிக்கோலை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்ட பிறகுதான் அப்பாதுரை பிணத்தருகே குனிவார். செத்தவர் உடுத்தியிருந்த துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவார். குழி எண் எழுதிய சீட்டை அதில் குத்தி, தேடி வருகிறவர்களுக்காகப் பெட்டியில் போடுவார். கையெழுத்து அப்புறம்தான்.

அவர் கிராம முன்சீப். விழுப்புரம் ரயிலடியில் கேட்பாரற்றுச் செத்தவரை எரிப்பதா, புதைப்பதா என்று அவர் எழுதுவதுதான் முடிவு. யுத்தத்தில் ரங்கூன் மேல் குண்டு விழுந்ததிலிருந்து அவர் பேனாவுக்கு ஓய்வில்லை. காடு மலையெல்லாம் நடந்து தப்பி வந்தவர்கள், ஊர் எட்டும் தூரத்தில் இங்கே கண்ணை மூடிவிடுகிறார்கள்.

"எரிச்சிடலாங்க, ஜல்தியா முடியும்" என்பார் ஏட்டு ராயப்பன்.

"நாளைக்குப் பெத்தவ வந்தா சாம்பலயா காட்டுவ? பொதைக்கச் சொல்லுய்யா."

அதட்டல் கிடையாது. மனிதர் தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரிதான் எப்போதும் பேசுவார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் யோசிப்பார். குழி எண் மட்டும் மறக்காது. மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே, "பதினேழு நல்ல நெழல்ல கீறாரு" என்பார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

ஒரு வேலையாக நான் அவரிடம் போயிருந்த அன்று கிளியனூரிலிருந்து தையல்நாயகி என்ற அம்மாள் வந்தாள். மகன் ரங்கூனை விட்டுக் கிளம்பி ஒரு வருஷமாகிறது, தகவலே இல்லை. பெட்டியிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் விரித்துப் பார்த்தாள். எதுவும் அவனுடையதில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளோ அழ ஆரம்பித்தாள்.

"தெனம் வாசலப் பாத்துக்கினு கீறேன் சாமி. எங்கன்னு போயி அழுவறது? இந்த நீலக் கட்டம் போட்டத எம் புள்ளன்னு எழுதிக்கங்க."

எழுதிவிட்டால் அந்தக் குழி அவளுடையது. நாளை உண்மையில் பெற்றவள் வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அப்பாதுரை எழுதாமலே பதிவேட்டை மூடினார்.

"ஒம் புள்ள வந்துருவாம்மா. அதுவரைக்கும் இவனப் பாத்துக்க."

கத்தரிக்கோலை வேட்டியில் துடைத்து, நீலக் கட்டத் துண்டை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தார். மறுபாதியைச் சீட்டோடு பெட்டியில் போட்டு மூடினார்.