மாமா வாங்கிய ஏழு கோல்

அந்த வருடம் எங்கள் உதைபந்தாட்ட அணி ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. மழைக்கு நின்றுபோன ஆட்டம் ஒன்று இருந்தது. அதை மட்டும் தோற்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான்தான் கோல் காத்தவன் என்பதால், அந்தத் தோல்விகளைப் பற்றி என்னைவிட விவரமாகச் சொல்லக்கூடிய ஆள் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இல்லை. நான் பிடித்த பந்துகளை யாரும் எண்ணவில்லை, விட்டவற்றை மட்டும் எண்ணினார்கள். வேறொருவன் நின்றிருந்தால் இரண்டு மடங்கு வாங்கியிருப்போம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இன்று காலி நகருக்குப் போகும் வீதியில் பஸ்ஸில் போகிற எவரும் வெள்ளவத்தையில் என் கடைப் பலகையைப் பார்க்காமல் போக முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வைத்த பலகை அது. யாருடைய கையையும் பிடித்துக்கொண்டு நான் மேலே வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையை வீட்டில் எப்போது எடுத்தாலும் என் பிள்ளைகள், "அப்ப, எல்லாம் உங்கட மாமா படிப்பிச்சதுதான், அப்பா" என்று சிரித்து முடித்துவிடுகிறார்கள். மாமா எனக்குப் படிப்பித்தது கோல் காக்க மட்டும்தான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். பகல் முழுவதும் கப்பல்களுக்கு மேலே ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துத்தான் அவரோடு பேச வேண்டும். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்த உயரம் அவரை விட்டுப் போனதில்லை. பெரியவர்கள்கூட அவரை ‘அண்ணே’ என்று அழைத்துவிட்டு இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். அவருக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. எங்கள் குறுகலான ஒழுங்கையின் இருபக்க வீட்டுப் பையன்களைப் பொறுக்கியெடுத்து அவர் சேர்த்த உதைபந்தாட்ட அணிதான் அவருக்குப் பிள்ளை குட்டி எல்லாம்.

பயிற்சிக்கு நாங்கள் போகுமுன்பே மைதானத்தில் குனிந்து நிற்பார். உடைந்த போத்தல் ஓடுகளையும் கற்களையும் பொறுக்கிச் சாரத்து மடியில் போட்டுக்கொண்டிருப்பார். பிந்தி வந்தவன் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "சுடேல்ல, ஓடு" என்பார். ஒருவனையாவது நன்றாக விளையாடினாய் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் மருதானை அணியோடு. அவர்களுக்குப் பயிற்றுநர் ஒரு சிங்களக் கிழவர், ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பட்டறைக்காரர் என்பதால் ஊரே அவரைப் ‘பாஸ்’ என்றுதான் அழைத்தது. பாஸின் பையன்கள் எங்களுக்கு ஏழு கோல் போட்டார்கள். ஏழாவது போனபோது நான் பாயக்கூட இல்லை.

ஆட்டம் முடிந்து மாமாவின் முன்னால் போய் நின்றோம். அணித் தலைவன் என் அண்ணா. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், முதல் அடி தனக்குத்தான் என்று. மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் வீட்ட போங்கோ. ஒரு மாசத்துக்கு ஒருத்தரும் பந்தைத் தொடக்கூடாது. எப்ப வாறதெண்டு நான் சொல்லுறன்."

அவ்வளவுதான். அடித்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். எங்களை நீக்கிவிட்டு வேறு பையன்களைச் சேர்க்கப் போகிறார் என்று அண்ணா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை பின்னேரம் மாமி தலைவிரிகோலமாக எங்கள் வீட்டுக்குள் வந்தா.

"மச்சாள், உங்கட அண்ணர் வெள்ளைச் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, கையில வெத்திலைக் கட்டோட வெளிக்கிட்டிட்டார். எங்க எண்டு கேட்டா, அலுவலாம். வெத்திலை குடுக்கிற அலுவல் என்ன அலுவல்? எவளின்ர வீட்டுக்குப் போறார்?"

அம்மா கையிலிருந்த அகப்பையோடு எங்களைப் பார்த்தா. "டேய், ரெண்டு பேரும் ஓடுங்கோ. பஸ் ஹோல்ட்டிலதான் நிப்பார். அவரின்ர கண்ணில பட்டிடாதையுங்கோ."

மாமா பஸ்ஸின் முன்பக்கம், நாங்கள் பின் மிதிபலகையில். மருதானையில் இறங்கினார். புகையிரத நிலையத்துக்குப் பின்னால் நடந்தார். எங்களுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். புது மாமி எப்படி இருப்பா என்று அண்ணா காதுக்குள் கேட்டான். ஆனால் மாமா எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. பட்டறை மதிலுக்கு அப்பால் இருந்த மைதானத்துக்குள் நுழைந்தார். அங்கே பாஸ் விசிலோடு நின்றார். எங்களுக்கு ஏழு கோல் போட்ட அதே பையன்கள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

மாமா செருப்பைக் கழற்றினார். வெற்றிலைக் கட்டை இரண்டு கைகளாலும் பாஸிடம் நீட்டினார். பிறகு மண்டியிட்டு, அந்தப் பையன்கள் எல்லோரும் பார்க்க, நெற்றி மண்ணில் படும்படி கிழவரின் காலில் விழுந்தார்.

சிங்களவர்கள் குருவிடம் வித்தை கேட்டுப் போகும்போது அப்படித்தான் வெற்றிலை கொடுத்து வணங்குவார்கள். அதை நாங்களும் கண்டிருக்கிறோம். ஆனால் அது சின்னப் பிள்ளைகள் செய்வது. துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல் கப்டனே அண்ணாந்து பார்க்கிற எங்கள் மாமா, நாற்பது தாண்டிய மனிதர், நரை விழுந்த தலையோடு ஏழு கோல் போட்டவனின் காலடியில் கிடந்தார். அண்ணா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. எனக்கு வலித்ததாக நினைவில்லை.

பாஸ் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். "ஹரி, மல்லி" என்றார், சரி தம்பி என்று. மாமாவைத் தம்பி என்று அழைத்த ஒருவரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பிறகு மைதானத்தின் மறுபக்கம் கை காட்டினார். அங்கே அணியின் ஆகச் சின்னப் பையன்கள் வரிசையாக நின்றார்கள், என்னைவிடக் குள்ளமானவர்கள். மாமா சேர்ட்டையும் சாரத்தையும் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே காற்சட்டை போட்டிருந்தார். போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

விசில் ஊதியது. பிள்ளைகள் ஓடினார்கள். மாமாவும் வயிறு குலுங்க ஓடினார். முழங்கால் உயரப் பையன் ஒருவன் அவரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "மல்லி, துவன்ன! துவன்ன!" என்று பாஸ் கத்தினார். ஓடு, ஓடு என்று அர்த்தம். மாமா இன்னும் வேகமாக ஓடினார்.

வீட்டில் நான்தான் சொன்னேன். பெண் விவகாரம் இல்லை என்று தெரிந்ததும் மாமி ஒரு பெருமூச்சு விட்டா. காலில் விழுந்த இடம் வந்ததும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டா.

"வேற ஒருத்தி எண்டாலும் நான் தாங்கியிருப்பன், மச்சாள்."

அப்பாவுக்கும் மாமாவுக்கும் எப்போதும் ஆகாது. புறக்கோட்டைக் கடையிலிருந்து வந்தவர், கதையைக் கேட்டுச் சேர்ட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏழு கோல் வாங்கினவர் வேற எங்க விழுறது? கப்பலில இருந்தா?" அம்மா அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு போடவில்லை. கையால் சோற்றுப் பானையைக் காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டா.

அடுத்த நாள் அண்ணா அணியைக் கூட்டினான். மாமா எங்களை விற்றுவிட்டார் என்றான் ஒருவன். மூளை கழன்றுவிட்டது என்றான் இன்னொருவன். இனி அவர் கூப்பிட்டால் ஒருவரும் போவதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம். எல்லோருடைய ஜேர்சியையும் ஓர் உரப்பைக்குள் திணித்து, மாமாவின் வாசலில் கொண்டுபோய் வைத்தான் அண்ணா. ஆறு வருடமாக மாமா வளர்த்த அணி அந்தப் பையோடு முடிந்தது. மாமி கதவிடுக்கால் பார்த்து அழுதா. "அந்த மனுசனுக்கு வேற என்னடா இருக்கு?" என்று எங்களைக் கேட்டா. அண்ணா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக் கயிற்றில் தோய்த்த ஜேர்சிகள் அத்தனையும் காய்ந்துகொண்டிருந்தன. மாமிதான் தோய்த்தா என்று நினைத்தேன். மாமா வேலைக்குப் போகுமுன் தன் கையால் தோய்த்தார் என்று பிறகு மாமி சொன்னா.

அந்த மாதம் முழுவதும் வேலை முடிந்ததும் மாமா மருதானைக்குப் போனார். செம்மண் பூசிய காலோடு திரும்பி வருவார். எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "மல்லி, துவன்ன!" என்று கத்துவார்கள். முன்பென்றால் மதிலோடு சேர்த்துப் பிய்த்திருப்பார். இப்போது காதில் விழாதவர் போல நடந்தார்.

மாதம் முடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஞாயிறு விடிய ஆறு மணி" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவர் போனதும் அண்ணா என்னிடம், "நீ மட்டும் போ. தனிய நிண்டு என்ன செய்யிறார் எண்டு பாத்துக்கொண்டு வந்து சொல்லு" என்றான்.

போனேன். மாமா வழக்கம்போலக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மற்றவங்கள்?"

"வரமாட்டாங்களாம் மாமா."

"சரி. நீ கோலில நில்."

நான் போய்க் கோல் கோட்டில் நின்றேன். எப்போதும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது அவர் கட்டளை. மாமா பந்தோடு என்னருகே வந்து நின்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துத் தலையை இழுத்துக்கொண்டேன்.

"உன்னைக் கோட்டில நிக்கச் சொன்னது நான். அது பிழை. ஒருத்தன் பந்தோட தனிய வந்தா நீ முன்னுக்குப் போகவேணும். அப்பதான் அவனுக்குக் கோல் சின்னனாத் தெரியும். எனக்கு அது தெரியாது. அங்க சின்னப் பொடியளுக்கே தெரியும்." மூச்சு விட்டார். "அந்த ஏழு கோலும் உன்ர இல்ல. என்ர."

மாமா காலில் விழுந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் ஒழுங்கையில், எனக்குத் தெரிந்த உலகத்தில், பெரியவர் ஒருவர் சின்னப் பையனிடம் ‘பிழை என்னுடையது’ என்று சொன்னதே இல்லை. நிலம் ஆடியது போலிருந்தது. அதன்பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார்: "இண்டைக்குச் சொல்லித் தந்திட்டன். இனிப் போற கோல் உன்ர." அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

வீடுவரை ஓடினேன். ஏழு கோலும் என் பிழை இல்லை, மாமாவே சொல்லிவிட்டார் என்று ஒழுங்கை முழுக்க அறிவித்தேன். அதைக் கேட்டு முதலில் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவனுக்கும் ஆசை வந்தது, தன்னுடையதையும் மாமா தலையில் போட்டுவிட முடியுமா என்று.

அடுத்த நாள் இடது பக்கம் தடுத்து விளையாடுகிறவன் வந்தான். "அப்ப நான் ஒவ்வொரு முறையும் தனிய மாட்டுப்பட்டது?" என்று தூர நின்றே கேட்டான்.

"எல்லாரையும் பந்துக்குப் பின்னால ஓடச் சொன்னது நான்தானே? என்ர பிழை. இஞ்ச வா, எங்க நிக்கிறதெண்டு காட்டுறன். இனி விட்டா உன்ர."

அவன் ஜேர்சியை வாங்கிப் போட்டுக்கொண்டான். பிறகு இருவர், பிறகு நால்வர். விடுதலைப் பத்திரம் வாங்க வந்தவர்கள் போல ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். மாமா ஒன்றையும் மறைக்காமல், கூட்டாமல் குறைக்காமல், அவனவனுக்கு உரியதைச் சொன்னார். கடைசியாக அண்ணா வந்தான். அவன் கேட்டது வேறு.

"நீங்கள் ஏன் மாமா அவரின்ர காலில விழுந்தனீங்கள்?"

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." மாமாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது. "பிந்தி வந்திருக்கிறாய். கம்பத்தைப் பிடி."

அண்ணா போய்க் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் தெஹிவளைப் பையன்களோடு, அவர்களுடைய மைதானத்தில். கடைசி நிமிடம் வரைக்கும் கோல் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று முறை முன்னால் பாய்ந்து பிடித்தேன். தெஹிவளைக்காரர்களே கை தட்டினார்கள். பிறகு ஒருவன் பந்தோடு தனியாக வந்தான். எனக்கு என்ன ஆனதோ தெரியாது, கோட்டிலேயே நின்றுவிட்டேன். பந்து என் கால்களுக்கு நடுவால் போனது. விசில் ஊதியது.

நான் அழவில்லை. மாமா வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து, அது என்னுடையது இல்லை என்று சொல்லுவார். எல்லோர் முன்னாலும் சொல்லுவார்.

மாமா வந்தார். குனிந்து வலைக்குள் கிடந்த பந்தை எடுத்தார்.

"இது உன்ர" என்றார். கோபமே இல்லாமல், ஒரு பெரிய ஆளிடம் சொல்வது போல. "நாளைக்கு விடிய வா."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்கமாட்டேன். ஒரு மாதத்துக்குள் மனிதர் பேச்சு மாறிவிட்டார் என்று நினைத்தேன். மாமா சைக்கிளை எடுத்து, பின் இருக்கையைத் தட்டினார். நான் ஏறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்தேன். அவ்வளவு தூரமும் மாமா எனக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒருமுறையும் ஏறவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. செம்மண் காலோடு, ஒரு வேகத்தில், நான் நின்றால் நின்று, நடந்தால் நடந்து போனார்.

சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.