விமலா அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

விமலா அக்கா இறந்துவிட்டார். நேற்று மாலை, பார்க்கிங் என்ற ஊரில் தன் வீட்டில்... மாரடைப்பு என்று அவரின் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

பல வருடங்கள் ஒரே லாபில் அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தோம். மார்பகப் புற்றுநோயில் மிக வேகமாகப் பரவும் ஒரு வகை, ஹார்மோன் மாத்திரைக்கு அடங்காதது. அந்தச் செல்களை வளர்த்து, மருந்து போட்டுப் பார்ப்போம்.

செல்களுக்கு வீக்கெண்ட் கிடையாது. ஞாயிறும் யாராவது போய் அவற்றின் உணவுத் திரவத்தை மாற்றவேண்டும்.

ஒருமுறை ஹரோவில் கல்யாணம். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"எங்கை அக்கா?"

"பிள்ளையளுக்குச் சாப்பாடு வைக்கவேணும். வாறியோ?"

லாபில், பட்டுச்சேலைக்கு மேல் வெள்ளைக் கோட். வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் கையுறை போட்டார்.

"கான்சருக்கு இவ்வளவு உபசாரமோ?" என்று சிரித்தேன்.

"என்னத்தைத் தின்னுது எண்டு தெரிஞ்சால்தானேயடி நிப்பாட்டலாம்."

அது தின்றது கொழுப்பை. சீனிச்சத்தைக் குறைத்தாலும் கொழுப்பை எரித்துப் பிழைத்துக்கொண்டது. மைக்ராஸ்கோப்பில் சாயமேற்றிய கொழுப்புத் துளிகள் சிவப்பாய்த் தெரியும். "குழம்பிலை எண்ணெய் மிதக்கிற மாதிரி" என்பார்.

அந்த நாட்களில்தான் அக்காவின் தங்கைக்கு அதே நோய். கீமோ கேட்கவில்லை...

கொழுப்பை எரிக்கும் வழியை அடைக்கும் மருந்தைக் கீமோ மருந்தோடு சேர்த்துப் போட்டோம். சில நாட்களில், வளர்க்கும் கண்ணாடி டிஷ்ஷில் செல்கள் செத்து மிதந்தன. எல்லோரும் கைதட்டினோம். அக்கா மட்டும் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"இதைத் தங்கச்சிக்குக் குடுக்க ஏலாது, என்ன?"

டிஷ்ஷில் வேலை செய்தது ஆட்களிடம் வர எத்தனை வருடப் பரிசோதனை... அவருக்கே தெரியும்.

"இப்ப ஏலாது அக்கா."

"ஓம்... ஓம்."

தங்கை இறந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்த ஞாயிறு, அக்காவின் முறையை நான் பார்க்கலாம் என்று போனேன். எனக்கு முன்பே கோட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அக்கா வந்தனீங்கள்? அதுகள் ஒருநாள் பட்டினி கிடக்கட்டுமே."

"பட்டினியிலை செத்தால், மருந்தாலை செத்ததோ எண்டு எப்பிடித் தெரியும்? தள்ளு, வெளிச்சத்தை மறைக்காதை."

அந்த மருந்து இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. நாங்கள் இன்னும் செல் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஞாயிறு நான் போறன், அக்கா.

நீங்கள் ஆறுதலாக இருந்து, அந்தப் பாதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடியுங்கோ.