வெள்ளைச் சாப்பாடு

போன மாதம் வலியசாலையில் என் அக்கா வீட்டில் பெண் பார்க்கும் வைபவம். சொஜ்ஜி, பஜ்ஜி, ஜமக்காளம்... எல்லாம் ஜோர். பெண்ணால் மட்டும் வாயைத் திறக்க முடியவில்லை!

பெண் விசாலம், அக்காவின் ஒரே மகள். கொஞ்சம் மாநிறம். அதனாலேயே சில இடங்கள் தட்டிப் போயின. ஆனால் பாட உட்கார்ந்தாள் என்றால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

இந்த முறை ஜாதகம் பொருந்திய பையனுக்குப் பம்பாயில் வேலை. சங்கீதப் பைத்தியமாம். "பொண்ணு பாட்டைக் கேக்கத்தான் வரார்" என்றார் தரகர். அன்றிலிருந்து விசாலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

யுத்த காலம். பையனுக்கு லீவு கிடைக்க மாதக்கணக்காயிற்று. அக்கா சும்மா இருப்பாளா? பெண்ணை வெளுக்க வைக்கக் கிளம்பிவிட்டாள்!

காப்பி குடித்தால் கறுக்கும் — நிறுத்து. கீரை, கத்தரிக்காய், எள், கருப்பட்டி... எல்லாம் கறுப்பு — நிறுத்து. பயறும் மாம்பழமும் சூடு, பரு வரும் — அதையும் நிறுத்து. பால்? இருந்த பால் மற்றவர்களின் காப்பிக்கே போதவில்லை. மிச்சம் என்ன? மில்லில் தீட்டிய பச்சரிசிச் சாதம், தண்ணீர் மோர், தேங்காய்த் துவையல். அந்த அரிசியையும் தண்ணீர் தெளிகிற வரை அலசித்தான் உலையில் போடுவாள்.

"பசிக்கறதேம்மா..."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோடீ. பம்பாய்க்குப் போய் இஷ்டம் போலச் சாப்பிடு."

விசாலமும் பொறுத்துக்கொண்டாள். தன் பாட்டைக் கேட்க ஒருவர் வருகிறாரே!

நிறம் வந்ததா? முகம் வெளிறியது. தோல் வறண்டு சொரசொரத்தது. நாக்கு புண்ணாயிற்று, வாயின் இரண்டு ஓரமும் வெடித்தன. அக்கா அதன் மேல் வெண்ணெய் தடவினாள். தின்னக் கொடுத்திருக்கலாமே!

பெண் பார்க்க வந்த அன்று பையனின் தாயார், "ஒரு பாட்டுப் பாடேம்மா" என்றார். விசாலம் ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே உதட்டோரம் கிழிந்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். "ஏதோ தோல் வியாதியாட்டம்னா இருக்கு" என்று அந்த அம்மாள் தரகரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

மறுநாள் அக்காவையும் விசாலத்தையும் பழவங்காடியில் ஒரு மலையாளி டாக்டரிடம் அழைத்துப் போனேன். பார்த்ததுமே கேட்டார்:

"எந்தா சாமி, வீட்ல இந்தக் குட்டிக்கு ஆகாரமொண்ணும் கொடுக்கறதில்லையோ? இது வியாதியல்லா, பட்டினியாணு. கைக்குத்தல் புழுங்கலரிசிக் கஞ்ஞி, சிறுபயறு, முருங்கைக்கீரை, பால் கொடுங்கோ. தோல் தன்னாலே மினுங்கும்."

"புழுங்கலரிசியா? கறுத்துட மாட்டாளோ?" — அக்கா அப்போதும் கேட்டாள்!

கறுக்கவில்லை. புண் ஆறியது. தோலில் ஒரு மினுமினுப்பு. அதே மாநிறம்தான், ஆனால் முகத்தில் என்ன களை! அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் இதைச் செய்திருந்தால்... என்று நினைக்காத நாளில்லை. தரகர் வந்து சொல்லிவிட்டார்: பம்பாய்ப் பையனுக்குத் திருநெல்வேலியில் நிச்சயமாகிவிட்டதாம்.

நேற்று போனபோது விசாலம் பாடிக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்டீ!" என்றேன்.

"இப்போ பாடி என்ன மாமா? கேக்க வந்தவர் போயாச்சே" என்று சிரித்தாள். அக்கா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

பெண்ணைப் பெற்றவர்களே, வெளுப்புத்தான் வேண்டுமென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்... பெண்ணுக்குச் சாப்பாடு போடுங்கள்!