காமுக்கும் ஓம், ஹெட்டுக்கும் ஓம்

உலக யுத்தம் முடிந்து முதல் மோட்டார் சைக்கிள் மலையேற்ற ஓட்டம் வருகிறது. இன்னும் மூன்று வாரம். பெட்ரோல் கூப்பன்கூடச் சேர்த்து வைத்துவிட்டேன். மோட்டார் சைக்கிளின் எஞ்சின்தான் தயாரில்லை.

போன கிழமை கொட்டாஞ்சேனை மெக்கானிக் நானா எஞ்சினைக் கழற்றினார். “தம்பி, வேகம் வேணுமெண்டா காம் ஷாஃப்ட மாத்துங்க. வால்வ நல்லா ஆழத் தள்ளித் திறக்கிற ஒண்டு ஈக்கிது. போடவா?”

வயதில் மூத்தவர் கேட்கிறார், மறுப்பதா?

“ஓம் நானா.”

கரி சுரண்டுவதற்காக, சிலிண்டரின் மூடியான ஹெட்டை மட்டும் வெள்ளவத்தை மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். “வேகம் வேணுமெண்டு காமில கை வைக்காதையும். ஹெட்டின்ர அடியைச் சீவினாலே காணும், கொம்பிரஷன் ஏறும். சீவட்டோ?”

“ஓம் அண்ணை.”

இன்று சீவிய ஹெட்டோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நானா புதுக் காமைப் பூட்டி முடித்திருந்தார். ஹெட்டை வைத்துப் பூட்டி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினார்.

டக். நின்றுவிட்டது.

“ஹெட் பதிஞ்சு போச்சு, இந்தக் காம் தள்ளுற வால்வு பிஸ்டன்ல முட்டுது. ஹெட்ட யாரு சீவினது?”

சொன்னேன்.

“அவரு நல்ல வேலக்காரராச்சே. அவரையே கேளுங்க.”

பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போனேன். அண்ணை யோசித்தார். “நானா பிழை விடமாட்டார். ஆர் காமை மாத்தச் சொன்னது?”

நான்தான்.

காமைக் கழற்றினால் நானாவின் முகத்தில் விழிக்க முடியாது. வேறு ஹெட் போட்டால் அண்ணையின் தெருவால் போக முடியாது.

எதை மாற்றுவது? தெரிந்தவர்கள், மோட்டார் சைக்கிள் சங்கப் பலகையில் நான் ஒட்டும் இந்தத் தாளின் அடியில் எழுதுங்கள். ‘ஓம்’ என்று மட்டும் எழுதவேண்டாம். அது என்னிடம் தேவைக்கு மேலே இருக்கிறது.