தலைவரம்மாவைச் சமாதானப்படுத்தினோம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு நின்றவள், மறதியும் உண்டு. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிராம சபையில் எங்கள் ஊராட்சித் தலைவரின் சம்சாரம் எழுந்து நின்றது மட்டும் அப்படியே கண்ணில் இருக்கிறது. தேர்தலில் அவருக்காக வீடு வீடாகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டவர் இந்தத் தலைவரம்மாதான். அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"மூணடி தூர் வாரறதா சொல்லிட்டு, ஏரிய மதகுக்கும் கீழ தோண்டிக்கினு கீறாங்க. மழ பேஞ்சா தண்ணி பள்ளத்துலயே நின்னுடும். வயலுக்கு எப்டி ஏறும்? மண்ணு லாரிய நிறுத்தச் சொல்லி தீர்மானம் போடுங்க."

தலைவர் கோபப்படவில்லை. சிரித்தார். "வூட்டு சண்டைய வூட்ல வச்சிக்கலாம், உக்காரு" என்றார். பந்தலே சிரித்தது.

அந்தச் சொல்லை ஊர் நம்பியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் மனக்கசப்பு என்றால், தெருப் பெண்கள் பூவும் வெற்றிலை பாக்கும் கொண்டுபோய்ச் சமாதானம் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாளே என் ஓரகத்தி தட்டோடு கிளம்பினாள்; என்னையும் இழுத்துப்போனாள்.

"ஆம்பள அப்டி இப்டிதான் இருப்பாரு. நீதான் அனுசரிச்சிப் போவணும் தாயி."

"எங்களுக்குள்ள இன்னா சண்ட பெரிம்மா? இப்பதான் அவருக்கு நாஷ்டா வச்சேன். நான் கேக்கறது மதகு..."

"செரி செரி, பூவ வச்சிக்கோ."

தலைவரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் நிலமும் அந்த மதகுத் தண்ணீரில்தான் விளைகிறது. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. ஓரகத்தியே அவர் கொண்டையில் பூவைச் செருகினாள். தெருவில் போன லாரியின் தூசு தட்டில் வந்து படிந்தது.

பிறகு தலைவரம்மா தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். விசாரிக்க வந்தவரிடம் ஊரே சொன்னது: "குடும்பத் தகராறு சார், பேசி முடிச்சிட்டோம்." அவர் ஏரிப் பக்கம் போகாமலே ஜீப்பில் ஏறிவிட்டார்.

மூன்றடிதான் என்று தலைவர் இன்னும் சொல்கிறார். உள்ளே நிற்கிற லாரியின் தலை, பள்ளத்து விளிம்புக்குப் போனால்தான் தெரிகிறது. எனக்கு அளக்கத் தெரியாது, எழுதியதில் தப்பிருக்கலாம். படித்தவர்கள் யாராவது வந்து அளந்து பாருங்கள். சீக்கிரம் வாருங்கள். மழை விழுந்து ஏரி நிறைந்துவிட்டால், பள்ளம் இருந்ததே தெரியாது.