பூட்டிய வீட்டில் பார்த்த முதல் எபிசோட்

போன வாரம் தாஸ் என் ஃபோனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கூட ஒரு வரிகூட எழுதவில்லை, அது அவன் வழக்கம். படம் ஓட ஆரம்பித்ததும் எனக்கு மூக்கு எரிந்தது. நம்புவீர்களோ என்னவோ, நிஜமாகவே எரிந்தது. இத்தனைக்கும் நான் இப்போது இருப்பது கோயம்புத்தூரில். அந்தப் பழைய கார்ட்டூனின் முதல் எபிசோட் கண்ணில் பட்டதும், ஃபேக்டரிகளுக்கு நடுவே நான் வளர்ந்த காலடிப்பேட்டையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டது.

கார்ட்டூன் சேனல்கள் தமிழ் பேச ஆரம்பித்திருந்த காலம் அது. தனித்தனியாகப் பறந்துகொண்டிருந்த ஹீரோக்கள் எல்லாரும் ஒரே டீமாகச் சேரப்போகிறார்கள் என்று விளம்பரம் போட்டே எங்களைப் பைத்தியமாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு டி.வி.யில் படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் போய்விடும். அதனால் பக்கத்து வீட்டு ஆனியோடு ஒரு மாதமாகச் சண்டையே போடாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று புரியும். ஆனியின் தம்பிதான் தாஸ். வீசிங் உள்ள பிள்ளை. நாங்கள் விளையாடும் ஹீரோ டீமில் ஆனி பறப்பாள், நான் அடிப்பேன், தாஸ் கட்டிலில் உட்கார்ந்து எங்களுக்கு ரேடியோவில் தகவல் சொல்வான். ஓடினால் அவனுக்கு இழுக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. டி.வி.யில் நல்லதாக ஏதாவது வரும்போது வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிடுவார்கள். உள்ளே ஆள் இருக்கும், வெளியே பூட்டு தொங்கும். இல்லாவிட்டால் தெருவே உள்ளே வந்துவிடும். அன்றைக்கும் ஆனியின் அம்மா எங்கள் மூன்று பேரையும் உள்ளே விட்டு, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கடைக்குக் கிளம்பினார்.

"சவுண்ட கம்மியா வச்சிகினு பாருங்க. நான் தோ வந்துட்றேன்" என்றார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் ஆனி சவுண்டை முழுசாக ஏற்றினாள்.

கதை இதுதான். ஒரு பெரிய நகரம். திடீரென்று அங்கே ஒரு மனிதர்கூட இல்லை. கதவுகள் திறந்து கிடக்கின்றன, அடுப்பு எரிகிறது, ஆட்களை மட்டும் காணோம். ஹீரோக்கள் ஒவ்வொருவராக அந்தக் காலித் தெருவில் வந்து இறங்குகிறார்கள். அப்போது சங்கு ஊதியது.

ஃபேக்டரி சைரனை எங்கள் பக்கம் சங்கு என்றுதான் சொல்வோம். ஷிப்டுக்கு ஊதும் சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். சாயங்காலம் அந்த நேரத்தில் எந்தச் சங்கும் கிடையாது. ஆகவே அது டி.வி.க்குள் ஊதுவதாகவே நினைத்தோம். "செம சவுண்டுடி" என்றாள் ஆனி. மூக்கு எரிந்ததையும் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நாற்றத்தை வைத்தே சொல்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். வெளியே யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் சகஜம்.

விளம்பரம் வந்தபோது பார்த்தால் தாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். காற்று வரட்டும் என்று ஆனி ஜன்னலைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவில் ஒருவரும் இல்லை. எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. செருப்புகள் ஒற்றை ஒற்றையாக வழியெங்கும் சிதறியிருந்தன. எதிர் வீட்டில் பால் பொங்கித் தீயும் வாடை வந்தது. டி.வி.யில் சற்று முன் பார்த்த அதே தெரு. "அம்மா" என்று ஆனி கூப்பிட்டாள். அவள் குரல் தெருக்கோடி வரை போனது எங்களுக்குக் கேட்டது.

கண்ணில் தண்ணீர் கொட்ட ஜன்னலைச் சாத்தப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் தொளதொளவென்று உடுப்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணாடி வட்டங்கள். அது ஒவ்வொரு வீடாக நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஏதோ சொன்னது. நான் டி.வி.யை அணைத்தேன். மூவரும் கட்டிலுக்கு அடியில் புகுந்தோம்.

வாசலில் காலடி நின்றது. பூட்டை யாரோ தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விடும் சத்தம். பிறகு காலடி நகர்ந்தது. நல்லவேளை என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

தாஸ் ஊர்ந்து வெளியே போனான். எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் அடிக்க ஆரம்பித்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வில்லனா இருந்தா இன்னாடி? என்னால மூச்சு வுட முடில" என்றான்.

காலடி திரும்பி வந்தது. பூட்டு உடைந்தது. அந்த உருவம் தாஸின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தது, தன் முகமூடியைக் கழற்றி அவனுக்கு மாட்டியது. அந்த நொடியில் ஆனியும் நானும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது அந்த முகத்தைச் சுற்றி ஈரத் துண்டு இருந்தது. "கைய வுடாம வாங்க" என்றார் அவர். தாஸைத் தோளில் போட்டுக்கொண்டு காலித் தெரு வழியே கடற்கரைப் பாறைகளுக்குக் கூட்டிப் போனார். ஃபேக்டரியில் கேஸ் லீக் என்று ஓடிவந்த ஊர் ஜனம் கொஞ்சம் அங்கே எதிர்காற்றில் நின்றிருந்தது. தாஸுக்கு மூச்சு சீரானதும், முகமூடியை வாங்கிக்கொண்டு திரும்பித் தெருவுக்குள் போனார். யாரிடமும் பெயர் சொல்லவில்லை.

ரயில்வே கேட்டை மூடி மறித்ததால் ஆனியின் அம்மா இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தார். கைக்குள் சாவி இருந்தது. விரல்களை விரிக்க முடியவில்லை, என் அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "பூட்டிட்டு வந்துட்டேன்க்கா" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அவரோடு கடைக்குப் போயிருக்கிறேன் என்று நம்பித்தான் என் அம்மா தெருவை விட்டு ஓடியிருந்தாள்.

முகமூடிக்காரரின் முகத்தைப் பார்த்தவன் தாஸ் மட்டும்தான். பல நாள் ஃபேக்டரி கேட்டில் நின்று ஷிப்டு விட்டு வருகிறவர்களைப் பார்த்தான். "எல்லாரும் அவரு மாதிரியேதான் கீறாங்க" என்று திரும்பி வந்தான்.

டி.வி.யிலும் தெருவிலும் ஒரே நேரத்தில் சங்கு ஊதியதால்தான் ஏமாந்தோம் என்று இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். போன வாரம்தான் எபிசோடை முழுதாகப் பார்த்தேன். காலித் தெருவில் ஹீரோக்கள் இறங்குகிறார்கள். சங்கு இல்லை. இசைகூட இல்லை. மயான அமைதி. உடனே தாஸுக்கு ஃபோன் போட்டேன்.

"இதுல சங்கே ஊதலடா."

"அத்த நீ பாக்கணும்னுதான் அனுப்னேன்" என்றான்.

அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், எங்கள் தெருவில் பாதி ரோட்டுக்குப் போய்விட்டது, ஷிப்டுச் சங்கும் நின்றுபோனது. ஆனால் சில சாயங்காலங்களில் எங்கிருந்தோ அந்த எரிச்சல் மட்டும் வருமாம்.

"சங்கும் இல்லாம, கேஸ் வந்தா ஊருக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

"மூக்கு எரிஞ்சா நான் எந்திரிச்சிப் போயி தெரு முச்சூடும் கதவத் தட்டுவேன்" என்றான் தாஸ். "பூட்டு தொங்குற வூட்டையும் தட்டுவேன்."